சட்டக் கல்லூரியிலிருந்து சட்ட நிறுவனம் வரை: அசோசியேட் ஆக விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் சட்டம் படிக்க நினைப்பவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள், பட்டம் வாங்கிவிட்டு எங்கே சேருவது என்று யோசிப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். மேடைப் பேச்சும் வாதத் திறமையும்தான் இந்தத் தொழில் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. முதல் மூன்று ஆண்டுகளில் ஒரு அசோசியேட்டின் பெயர் வேறு இரண்டு விஷயங்களில்தான் உருவாகிறது: ஆவணத்தை முழுக்கப் படித்தாரா, தேதியைத் தவறாமல் கணக்கிட்டாரா. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதைச் சுற்றியே இருக்கும்.

அசோசியேட் என்பவர் யார்? சீனியரிடம் இருக்கும் ஜூனியரிலிருந்து எப்படி வேறுபடுகிறார்?

சட்டத்தின் பார்வையில் வேறுபாடு கிடையாது. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி பார் கவுன்சிலில் பதிவு செய்த வழக்கறிஞர்கள்தான் இருவரும். வேறுபாடு வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது. ஜூனியர் ஒரு தனி சீனியரின் சேம்பரில் இருப்பார். காலையில் கோர்ட், மாலையில் கட்சிக்காரர் சந்திப்பு, இரவில் டிராஃப்ட் என்று நாள் போகும். அசோசியேட் பல பங்குதாரர்கள் நடத்தும் நிறுவனத்தில், கம்பெனி ஒப்பந்தம், வங்கிக் கடன், ரியல் எஸ்டேட், வழக்கு, வரி என ஏதாவது ஒரு பிரிவில் இருப்பார். அங்கே அசோசியேட், சீனியர் அசோசியேட், பிரின்சிபல் அசோசியேட் என்று படிகள் உண்டு. பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மேல் படி பார்ட்னர்.

ஐந்தாண்டு படிப்பா, மூன்றாண்டு படிப்பா?

பிளஸ் டூ முடித்து நேராகச் சேர்வது ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு. ஏதேனும் ஒரு பட்டம் பெற்ற பிறகு சேர்வது மூன்றாண்டு எல்எல்.பி. பதிவுக்கும் தொழிலுக்கும் இரண்டும் சமம். பெரிய நிறுவனங்கள் வளாகத்தில் ஆள் எடுப்பது பெரும்பாலும் ஐந்தாண்டு மாணவர்களைத்தான். ஐந்து கோடைக்காலம், ஐந்து குளிர்காலம் என்று இன்டர்ன்ஷிப்புக்கு அவர்களுக்கு நேரம் அதிகம். ஆனால் பி.காம்., சி.ஏ., கம்பெனி செக்ரட்டரி, பொறியியல் ஆகியவற்றைப் படித்துவிட்டு மூன்றாண்டு படிப்புக்கு வருபவர்களுக்கு வரி, திவால் சட்டம், காப்புரிமை போன்ற பிரிவுகளில் நல்ல வரவேற்பு இருக்கிறது. பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தெரிந்த புதிய வழக்கறிஞர்கள் குறைவு.

தமிழ்நாட்டில் சேர்க்கை எப்படி? கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வை எழுதியே ஆக வேண்டுமா?

இல்லை. அரசு சட்டக் கல்லூரிகளும் சென்னையில் உள்ள சீர்மிகு சட்டப் பள்ளியும் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அங்கே நுழைவுத் தேர்வு கிடையாது. ஐந்தாண்டு படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண், மூன்றாண்டு படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண் ஆகியவற்றின் அடிப்படையில் தரவரிசை போட்டுக் கலந்தாய்வு நடக்கும்.

திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் பெங்களூரு, ஹைதராபாத் போன்ற ஊர்களில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கும் கிளாட் வேண்டும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் டெல்லிக்கு மட்டும் ஐலெட் என்ற தனித் தேர்வு. இப்போதைய வடிவில் கிளாட் இளநிலைத் தேர்வு 2 மணி நேரம், 120 கேள்விகள், தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் கழிவு. ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், அடிப்படைக் கணக்கு என்று ஐந்து பகுதிகள். எல்லாமே பத்தி கொடுத்து அதிலிருந்து கேட்கப்படும் கேள்விகள். சட்ட அறிவைச் சோதிக்கும் தேர்வு இல்லை இது. வேகமாகப் படித்துப் பொருள் பிடிப்பவர்களுக்குச் சாதகமானது. தினமும் ஒரு ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தைக் கடிகாரம் வைத்துப் படிப்பது, பயிற்சி மையத்தின் குறிப்பேடுகளை மனப்பாடம் செய்வதைவிடப் பயன் தரும்.

திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் இருந்தால் சட்டம் படிக்கலாமா?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்று வரிசையாக முடித்து, அந்தப் பட்டம் தொலைநிலைக் கல்வியில் வந்திருந்தால் தடை இல்லை. பிளஸ் டூ படிக்காமல் நேரடியாகத் திறந்தநிலையில் பெற்ற பட்டம் செல்லாது. பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. இந்தச் சிக்கல் பல நேரம் பதிவுக்குப் போகும்போதுதான் வெளியே வருகிறது. மூன்றாண்டு உழைப்பும் பணமும் அங்கே நின்றுவிடும். ஆகவே சேர்வதற்கு முன்பே வரிசையைச் சரிபாருங்கள்.

எல்எல்.பி. படிப்பையே தபாலில் படிக்க முடியாது. ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகை வேண்டும். வகுப்புக்கு வராமலே பட்டம் வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், பதிவுச் சான்று பிற்பாடு எப்போது வேண்டுமானாலும் கேள்விக்குள்ளாகலாம் என்பதை நினைவில் வையுங்கள். முழுநேர வேலையில் இருந்துகொண்டே முழுநேர வகுப்பில் வருகை காட்டிய பலர் பதிவின்போது விளக்கம் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறார்கள்.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் படிக்காவிட்டால் பெரிய நிறுவனத்தில் வேலை கிடைக்காதா?

கிடைக்கும். வழிதான் வேறு. தேசியச் சட்டப் பல்கலைக்கழக வளாகத்துக்கு நிறுவனங்கள் தேடி வருகின்றன, நான்காம் ஆண்டிலேயே தேர்வு முடிந்துவிடுகிறது. மற்ற கல்லூரி மாணவர் இன்டர்ன்ஷிப் வழியாகவே உள்ளே போக வேண்டும். நான்கு வாரம் வேலை செய்வதைப் பார்த்து, பிடித்திருந்தால் இன்னொரு முறை அழைத்து, அதன் பிறகு வேலை உத்தரவாதம் தருவது நிறுவனங்களின் வழக்கம். இரண்டாவது அழைப்புதான் உண்மையான நேர்காணல்.

மூன்றாவது வழியும் உண்டு. சிறிய நிறுவனத்திலோ நல்ல சீனியரிடமோ இரண்டு மூன்று ஆண்டு வேலை கற்று, பிறகு பெரிய நிறுவனத்துக்கு மாறுவது. கல்லூரியின் பெயர் முதல் வேலைக்கு எடை போடும் அளவுக்கு இரண்டாவது வேலைக்கு எடை போடாது. அப்போது கேட்கப்படும் கேள்வி, நீங்கள் தனியாக எந்த ஆவணத்தைத் தயாரித்தீர்கள் என்பதே.

எத்தனை இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும்? எந்த வரிசையில்?

விதிப்படி ஐந்தாண்டு மாணவர் குறைந்தது 20 வாரமும் மூன்றாண்டு மாணவர் குறைந்தது 12 வாரமும் செய்திருக்க வேண்டும். ஒரே ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது.

வரிசையைப் பொறுத்தவரை எங்கள் கருத்து உறுதியானது: முதல் இன்டர்ன்ஷிப் மாவட்ட நீதிமன்றத்தில் அல்லது முன்சீஃப் கோர்ட்டில் வேலை செய்யும் ஒரு வழக்கறிஞரிடம் இருக்கட்டும். பிராது எப்படித் தாக்கலாகிறது, சம்மன் ஏன் திரும்பி வருகிறது, வாய்தா எப்படி வாங்கப்படுகிறது, சாட்சி குறுக்கு விசாரணையில் எப்படித் தடுமாறுகிறார் என்பதையெல்லாம் அங்கேதான் கண்ணால் பார்க்க முடியும். அடுத்து உயர் நீதிமன்றம். சென்னையோ மதுரைக் கிளையோ, எதுவானாலும் சரி. மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு நிறுவனங்கள். கோர்ட்டையே பார்க்காமல் நேராக ஒப்பந்தம் எழுதப் போனவர், பின்னால் சண்டை வந்தால் எந்த வரி உடையும் என்று யூகிக்கத் தெரியாமல் எழுதுகிறார்.

பெரிய நிறுவனங்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மெயிலின் தலைப்பு வரியில் பெயர், கல்லூரி, ஆண்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பவை இருக்கட்டும். உடலில் ஐந்தாறு வரி போதும்: எந்தப் பிரிவில் வேலை செய்ய விருப்பம், அந்தப் பிரிவோடு தொடர்புடைய எதை இதுவரை செய்திருக்கிறீர்கள். சுயவிவரம் ஒரு பக்கம், அதிகம் போனால் இரண்டு. “பெருமதிப்புக்குரிய தங்கள் நிறுவனத்தில்” என்று தொடங்கி, இன்னொரு நிறுவனத்தின் பெயரை அழிக்க மறந்து அனுப்பப்படும் மெயில்கள் நிறைய. அவை திறந்த கையோடு மூடப்படும்.

சுயவிவரத்தில் பத்து கருத்தரங்கச் சான்றிதழ்களை அடுக்குவதைவிட, ஒரு மாதிரி நீதிமன்றப் போட்டியில் தயாரித்த மெமோரியலை, அதாவது எழுத்து வாதத்தைக் குறிப்பிடுவது மேல். ஆனால் அதில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் நேர்காணலில் பதில் சொல்லத் தெரிய வேண்டும். கட்டுரை வெளியிட்டதாகப் போட்டிருந்தால், முதல் கேள்வி அந்தக் கட்டுரையின் முடிவு என்ன என்பதாகத்தான் இருக்கும்.

இன்டர்னுக்கு முதலில் தரும் வேலை ஆராய்ச்சிக் குறிப்பு. அதை எப்படி எழுதுவது?

கேள்வியை ஒரே வாக்கியத்தில் முதலில் எழுதுங்கள். அதன் கீழே இரண்டு மூன்று வரியில் பதில். பிறகு தேவையான உண்மைகள், சட்டப் பிரிவு, தீர்ப்புகள், அவை இந்த உண்மைகளுக்கு எப்படிப் பொருந்துகின்றன, எது இன்னும் தெளிவாகவில்லை என்பது. குறிப்பைக் கேட்டவருக்குப் பெரும்பாலும் மேலே உள்ள ஐந்து வரிதான் வேண்டும். பன்னிரண்டாம் பக்கத்தில் பதில் வரும் குறிப்பை அவர் முடிக்க மாட்டார்.

தவறு நேரும் இடங்கள் பழக்கமானவை. தலைப்புக் குறிப்பை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பை மேற்கோள் காட்டுவது முதல் தவறு. தலைப்புக் குறிப்பு என்பது தீர்ப்பின் மேலே பதிப்பாளர் சேர்க்கும் சுருக்கம், நீதிபதி எழுதியது இல்லை. தீர்ப்பில் ஒரு தரப்பு வழக்கறிஞரின் வாதமாகப் பதிவாகியிருக்கும் பத்தியை நீதிமன்றத்தின் முடிவாக எடுத்துக் கொடுப்பது இரண்டாவது. இது மிகவும் ஆபத்தானது, எதிர்த்தரப்பு அதைத் திறந்த நீதிமன்றத்தில் காட்டும். மூன்றாவது, அந்தத் தீர்ப்பு பின்னால் மாற்றப்பட்டதா என்று பார்க்காதது. நான்காவது, மாநிலத் திருத்தங்களை மறப்பது. பதிவுச் சட்டம், முத்திரைச் சட்டம், இந்து வாரிசுரிமைச் சட்டம் ஆகியவற்றின் மத்திய உரையை மட்டும் படித்தால் தமிழ்நாட்டுக்குத் தவறான விடை வரலாம். சொத்தின் முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று சொன்ன, தமிழ்நாடு பதிவு விதிகளின் 55-ஏ(i) விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பையும் அதற்குப் பின் வந்த மாற்றங்களையும் பார்க்காமல் எழுதும் பதிவுக் குறிப்பு, கட்சிக்காரரைச் சார் பதிவாளர் அலுவலக வாசலில் நிறுத்திவிடும்.

கட்டணத் தரவுத்தளங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கும். இல்லாதவர்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்தில் அதன் தீர்ப்புகள் இலவசம்.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் அமலில் இருக்கின்றன. பழைய பிரிவு எண், புதிய எண் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும்.

தமிழ்வழியில் படித்தவர்கள் நிறுவனத்தில் தாக்குப்பிடிக்க முடியுமா?

முடியும், ஆனால் ஆங்கில எழுத்தில் உழைக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தின் மொழியும் ஒப்பந்தங்களின் மொழியும் ஆங்கிலம். பேச்சு ஆங்கிலம் இரண்டாம்பட்சம். குழப்பமில்லாத சிறிய வாக்கியம் எழுதத் தெரிந்தால் போதும். தினமும் ஒரு தீர்ப்பின் உண்மைகளை 150 சொல்லில் உங்கள் ஆங்கிலத்தில் சுருக்கி எழுதுங்கள். ஆறு மாதத்தில் கை திருந்தும்.

மறுபக்கம், பழைய கையெழுத்துப் பத்திரத்தைத் தமிழில் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்த அசோசியேட்டுக்குச் சென்னை நிறுவனங்களின் ரியல் எஸ்டேட் பிரிவில் தனி மதிப்பு. பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், செட்டில்மென்ட், உயில் ஆகியவற்றின் நடையும் சொற்களும் ஆங்கிலவழியில் மட்டும் படித்தவர்களுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. அதைத் தயங்காமல் சுயவிவரத்தில் எழுதுங்கள்.

பார் கவுன்சிலில் பதிவு செய்ய எவ்வளவு ஆகும்?

வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி மாநிலப் பார் கவுன்சிலுக்கு 600 ரூபாய், இந்தியப் பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய், மொத்தம் 750 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 100-ம் 25-ம் சேர்ந்து 125 ரூபாய். பல மாநிலங்களில் இதைப் போலப் பல மடங்கு வசூலித்து வந்தார்கள். சட்டம் சொல்லும் தொகைக்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது. முத்திரைத்தாள் செலவு தனி. வயது 21 நிறைந்திருக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பிலிருந்து சட்டப் பட்டம் வரை எல்லா அசல் சான்றுகளிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கின்றனவா என்று இறுதியாண்டிலேயே பாருங்கள். ஒரு சான்றில் இனிஷியல் முன்னும் இன்னொன்றில் பின்னும் விரிந்தும் இருந்தால் திருத்தத்துக்கு மாதக்கணக்கில் ஆகலாம். உங்கள் மேல் குற்ற வழக்கு ஏதேனும் இருந்தால் மறைக்காதீர்கள். சிறு வழக்கைவிட அதை மறைத்ததே பெரிய சிக்கலாகும்.

அகில இந்தியப் பார் தேர்வு கடினமா?

100 கொள்குறி வினாக்கள், தவறுக்குக் கழிவில்லை. தேர்ச்சிக்குப் பொதுப் பிரிவினரும் இதர பிற்படுத்தப்பட்டோரும் 45 விழுக்காடு, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 40 விழுக்காடு எடுக்க வேண்டும். குறிப்பு எழுதாத மூலச் சட்டப் புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம். தொடர்ந்து தொழில் செய்ய, பதிவு செய்த பின் இரண்டு ஆண்டுக்குள் இதில் தேர்ச்சி பெற வேண்டும். இந்தத் தேர்வு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 2023 பிப்ரவரி 10 அன்று உறுதி செய்துவிட்டது.

அரசமைப்புச் சட்டம், குற்றவியல் நடைமுறை, உரிமையியல் நடைமுறை ஆகிய மூன்றும் தலா 10 கேள்வி. தண்டனைச் சட்டம், சாட்சியச் சட்டம், குடும்பச் சட்டம், ஒப்பந்தமும் சொத்துரிமை மாற்றமும் சேர்ந்த தொகுதி ஆகியவை தலா 8. இந்த ஏழிலேயே 62 கேள்விகள் வந்துவிடுகின்றன. இவற்றின் மூலச் சட்டத்தைப் பக்கம் புரட்டப் பழகியவர் தோற்பதில்லை. தோற்பவர்கள் பெரும்பாலும் கைடு மட்டும் படித்து, தேர்வறையில் மூலச் சட்டத்தை முதன்முறையாகத் திறப்பவர்கள்.

முதல் வருமானம் எவ்வளவு?

இடைவெளி மிகப் பெரியது, அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. நாட்டின் முன்னணி நிறுவனங்கள் புதியவருக்கு ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மேல் தருகின்றன. ஒரு மாவட்டத் தலைநகரில் சீனியரிடம் சேரும் ஜூனியருக்குப் பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் மட்டுமே கிடைத்த காலம் இன்னும் முழுக்கப் போய்விடவில்லை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் ஜூனியர்களுக்குத் தரச் சுற்றறிக்கை அனுப்பும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. நடைமுறையில் எல்லா சேம்பரிலும் இது கிடைப்பதில்லை. சேரும் முன் தொகையைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். வீட்டில் வசதி இருப்பவர் மட்டுமே தாங்கக்கூடிய தொழிலாக இது இருந்துவிடக் கூடாது. கேட்பது உரிமை.

நிறுவனத்தில் வாங்குவது பெரும்பாலும் சட்டப்படி சம்பளம் இல்லை. முழுநேரச் சம்பள ஊழியராக வழக்கறிஞர் இருக்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 49 சொல்வதால், தொழில்முறைக் கட்டணம் என்ற பெயரில் தருகிறார்கள். அதில் 10 விழுக்காடு டிடிஎஸ் பிடித்துத் தருவார்கள். பி.எஃப். இருக்காது. மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வருமான வரிக் கணக்கைத் தொழில் வருமானமாகக் காட்ட வேண்டும். சம்பளக்காரர் படிவத்தில் தாக்கல் செய்துவிட்டு நோட்டீஸ் வாங்குவது முதலாண்டு அசோசியேட்டுகளிடம் அடிக்கடி நடப்பது.

முதல் ஆண்டில் என்ன வேலை தருவார்கள்? ஒப்பந்தப் பிரிவில்?

டியூ டிலிஜென்ஸ். ஒரு கம்பெனியை வாங்கப் போகிறவருக்காக, அந்தக் கம்பெனியின் ஒப்பந்தங்கள், உரிமங்கள், கடன்கள், வழக்குகள் எல்லாவற்றையும் படித்து அறிக்கை எழுதுவது. நூற்றுக்கணக்கான கோப்புகள் இணைய டேட்டா ரூமில் கிடக்கும். படிக்கும்போது தேட வேண்டியவை: பங்கு கைமாறினால் ஒப்பந்தம் முறியும் என்ற ஷரத்து, ஒப்புதல் இல்லாமல் உரிமை மாற்றக் கூடாது என்ற ஷரத்து, காலாவதித் தேதி, தண்டத்தொகை, கையெழுத்து இருக்கிறதா, முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறதா. கடைசி இரண்டைத்தான் புதியவர்கள் விடுகிறார்கள். போதிய முத்திரை இல்லாத ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். தண்டம் பத்து மடங்கு வரை போகலாம். இணைப்பு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிட்டவை கோப்பில் இருக்கின்றனவா என்றும் எண்ணிப் பாருங்கள். விலையும் விதிவிலக்கும் பெரும்பாலும் இணைப்பில்தான் ஒளிந்திருக்கும்.

நில ஆவணச் சோதனை இன்னும் நுட்பமானது. தமிழ்நாட்டில் மூலப்பத்திரத்திலிருந்து தொடங்கி குறைந்தது 30 ஆண்டுச் சங்கிலியைப் பார்ப்பது வழக்கம். அரசு தொடுக்கும் வழக்குக்குக் காலவரம்பு 30 ஆண்டு என்பது அதற்கு ஒரு காரணம். வில்லங்கச் சான்றில் எல்லாம் வந்துவிடும் என்று நம்பக் கூடாது. பதிவாகாத உயில், நிலுவையில் உள்ள வழக்கு, வாய்மொழிப் பாகப்பிரிவினை எதுவும் அதில் வராது. பட்டா உரிமைப் பத்திரம் இல்லை, வருவாய்த் துறைப் பதிவு மட்டுமே. சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் தனித்தனியாக வில்லங்கம் போடுங்கள். பத்திரத்தின் நான்கெல்லையை எஃப்எம்பி என்ற புல அளவை வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள்.

பெண் வாரிசுகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டுத் திருத்தப்படி 1989 மார்ச் 25 அன்று திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்குண்டு. 2005-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதைத் தந்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி நடந்த பாகப்பிரிவினையும் விற்பனையும் அந்த மத்தியத் திருத்தத்தால் பாதிக்கப்படாது. மகன்கள் மட்டும் கையெழுத்திட்ட ஒரு பாகப் பத்திரம் கையில் கிடைத்தால், அதன் தேதியையும் மகள்களின் திருமணத் தேதியையும் கேட்காமல் “உரிமை தெளிவாக உள்ளது” என்று எழுதாதீர்கள்.

வழக்குப் பிரிவில் என்ன கற்க வேண்டும்?

முதலில் காலவரம்பு. ஒரு கேஸ் கட்டு மேசைக்கு வந்தவுடன், படிப்பதற்கு முன்பே, கடைசித் தேதி என்ன என்று மேல் அட்டையில் எழுதுங்கள். வாதம் சுமாராக இருந்தால்கூட வழக்கு பிழைக்கலாம். காலவரம்பு போனால் பெரும்பாலும் போனதுதான்.

சில கணக்குகள் தூக்கத்திலும் நினைவிருக்க வேண்டும். காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். அந்த 15 நாள் முடியும் முன்பே அவசரப்பட்டுப் புகார் தாக்கல் செய்தால் அது நிலைக்காது. சாதாரண உரிமையியல் வழக்கில் எதிர்வாதுரைக்கு 30 நாள், 90 வரை நீட்டிக்கலாம். அதற்கு மேலும் தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் ஏற்கலாம். வணிக வழக்கில் 120 நாள் தாண்டினால் உரிமையே போய்விடும். எந்தக் காரணமும் எடுபடாது. நடுவர் (ஆர்பிட்ரேஷன்) தீர்ப்பை எதிர்க்க மூன்று மாதம், காரணம் காட்டி மேலும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. கோடை விடுமுறையில் அந்த மூன்று மாதம் முடிந்தால் நீதிமன்றம் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். ஆனால் கூடுதல் 30 நாள் விடுமுறையில் முடிந்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2012-இலேயே சொல்லிவிட்டது. பலர் சறுக்கும் இடம் இது.

அடுத்தது பதிவகம். தாக்கல் செய்த மனு குறைகளோடு ரிட்டர்ன் ஆகும்: பக்க எண் விடுபட்டது, நகல் மங்கலாக இருப்பது, வக்காலத்தில் நல நிதி முத்திரை இல்லாதது, கோர்ட் கட்டணம் குறைவு, பிரமாணப் பத்திரத்தில் திருத்தத்துக்குக் கீழே கையெழுத்து இல்லாதது. திருப்பித் தாக்கல் செய்யக் கொடுத்த நாளையும் டைரியில் எழுதுங்கள். தாமதமானால் அதற்கென்று தனி மனு போட வேண்டியிருக்கும். அனுபவமுள்ள குமாஸ்தாவிடம் மரியாதையாகக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவில் எந்தக் கட்டு எங்கே நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

டைம்ஷீட் எதற்கு?

கட்சிக்காரரிடம் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் நிறுவனங்களில் ஒவ்வொரு வேலையையும் பெரும்பாலும் ஆறு நிமிட அலகில் எழுத வேண்டும். பத்து அலகு ஒரு மணி. வேலை முடிந்தவுடன் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வாரத்தை நினைவுகூர்ந்து எழுதினால் நேரம் குறையும், பொய்யும் கலந்துவிடும். “ஆய்வு, 3 மணி” என்று எழுதினால் பார்ட்னர் வெட்டிவிடுவார். எந்த ஷரத்தை, எந்தக் கேள்விக்காக ஆராய்ந்தீர்கள் என்று எழுதினால் கட்சிக்காரரும் ஒப்புக்கொள்வார்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா?

நிறுவனத்தின் கொள்கை எழுத்தில் என்ன சொல்கிறது என்று பாருங்கள். இரண்டு எல்லைகளைத் தாண்டவே கூடாது. கட்சிக்காரரின் ஆவணத்தைப் பொதுக் கருவியில் ஏற்றக் கூடாது. அவர் சொன்னதைக் காப்பது புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 132-ஆம் பிரிவும் தொழில் விதிகளும் உங்கள் மேல் வைத்திருக்கும் கடமை. கருவி தரும் தீர்ப்பின் பெயரையும் எண்ணையும் மூலத்தில் திறந்து படிக்காமல் மனுவில் சேர்க்கவும் கூடாது. இல்லாத தீர்ப்பை இருப்பதுபோல இந்தக் கருவிகள் எழுதித் தருகின்றன. அந்த மனுவில் இருப்பது வழக்கறிஞரின் கையெழுத்து.

பிறகு நீதிபதித் தேர்வு எழுத நினைக்கிறேன். நிறுவன அனுபவம் கணக்கில் வருமா?

உரிமையியல் நீதிபதி இளநிலைப் பதவிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் தொழில் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பளித்தது. தற்காலிகப் பதிவு நாளிலிருந்து, அதாவது பார் தேர்வில் தேறும் முன் பார் கவுன்சிலில் பதிவான நாளிலிருந்து, அது கணக்கிடப்படும். பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரின் சான்றும் அதற்கு நீதித்துறை அதிகாரியின் மேலொப்பமும் தேவைப்படும். ஒப்பந்தப் பிரிவில் மட்டும் இருந்து கோர்ட் படியேறாதவருக்கு அந்தச் சான்று வாங்குவது சிரமம். அந்த எண்ணம் இருப்பவர்கள் வழக்குப் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயர் பதிவான வக்காலத்து நகல்களையும் உத்தரவுகளையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள்.

எல்எல்.எம். படித்தால் சம்பளம் கூடுமா?

நிறுவனத்தில் பெரும்பாலும் கூடாது. ஆசிரியப் பணிக்கு அது அவசியம். வெளிநாட்டு எல்எல்.எம். மேல் கடன் வாங்குவதற்கு முன், இரண்டு மூன்று ஆண்டு வேலை செய்து எந்தத் துறை உங்களுடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நிறுவனத்தை விட்டு விலகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அறிவிப்புக் காலம் எவ்வளவு என்று சேர்ந்த நாளின் கடிதத்தில் இருக்கும். முன்பே படித்து வையுங்கள். கையில் உள்ள ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பக்க ஒப்படைப்புக் குறிப்பு எழுதுங்கள்: இப்போது எந்த நிலை, அடுத்த தேதி, யார் பதில் தர வேண்டும், அசல் ஆவணங்கள் எங்கே. டிராஃப்டுகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்வது ரகசியக் கடமையை மீறுவது. தேவைப்படுவது நீங்கள் எந்த வகை ஆவணங்களில் என்ன பங்கு செய்தீர்கள் என்ற பட்டியல் மட்டுமே. கட்சிக்காரர் பெயர் இல்லாமல் அதை மாதந்தோறும் எழுதி வந்திருந்தால் அடுத்த நேர்காணலுக்கு அதுவே போதும். டிடிஎஸ் சான்றையும் அனுபவக் கடிதத்தையும் கடைசி நாளுக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். வக்காலத்தில் உங்கள் பெயர் இருக்கும் வழக்குகளில் பெயர் மாற்றம் தாக்கலானதா என்று சரிபாருங்கள். விட்டுவிட்டால் நோட்டீஸ் உங்கள் பெயருக்கே வந்துகொண்டிருக்கும், வாய்தா நாளில் ஆள் வராததற்கு நீதிமன்றம் கேட்பதும் உங்களைத்தான்.